வில்லிங், ஆனால் ரெடி இல்லை

1954இல் ராமாமணி பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். ஆபீஸில் அவள் ஒருத்திதான் பெண். மேனேஜர் லட்சுமணசாமி இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போவார், அவள் அடித்துக்கொண்டே போவாள். ஆனால் கையோடு காதும் வேலை செய்யும். எந்த வார்த்தை எங்கே உட்கார வேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

ஒரு நாள் நாக்பூர் ஏஜென்டிடமிருந்து புகார் வந்தது, அனுப்பிய பம்பில் விரிசல் என்று. மாற்றித் தர நாங்கள் ரெடி என்று எழுதச் சொன்னார் மேனேஜர். ராமாமணியின் விரல் நின்றுவிட்டது.

"ஏனுங்க சார், ரெடின்னு போட்டா, பம்பு பேக்கிங் ஆகி வாசல்ல நிக்குதுன்னு அவங்க நெனச்சுக்குவாங்க. நம்மகிட்ட ஸ்டாக்கே இல்லீங்களே."

"அப்ப என்ன போடறது?"

"பிரிப்பேர்ட்னு போடலாமுங்க. எங்களுக்கு மனசில்லை, ஆனா நீங்க கேட்டா செஞ்சுதான் ஆகோணும், அதுக்குத் துணிஞ்சுட்டோம்னு அர்த்தம் வரும்."

"வில்லிங்?"

"அது மனசு சார். மனசு பூராவும் இருக்குது, கையிலதான் இன்னும் ஒண்ணுமில்லைங்கறது."

மேனேஜர் பிரிப்பேர்ட் என்றே போடச் சொன்னார். டிராயிங் காகிதச் சுருளோடு கதவருகே கையெழுத்துக்குக் காத்திருந்த டிராப்ட்ஸ்மேன் சிரித்துவிட்டான். கேலிச் சிரிப்பு இல்லை அது. ஒரு தாழ்ப்பாளின் நாக்கு சரியாகப் போய் விழும்போது கொல்லனுக்கு வருமே, அந்த மாதிரி. அன்றைக்குத்தான் ராமாமணி அய்யாசாமியை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தாள்.

அய்யாசாமி கிணத்துக்கடவுக்காரன். அப்பாவும் அம்மாவும் ஊரார் தோட்டங்களில் பண்ணையத்துக்கு இருந்தவர்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, படம் வரையக் கற்று, ஆபீஸின் டிராயிங் மேஜைக்கு வந்து சேர்ந்திருந்தான். ராமாமணியின் அப்பா கோவிந்தராஜுலு நாயுடுவுக்கு மூன்று ஏக்கர் பருத்திக்காடு இருந்தது, பக்கவாதத்தில் விழுந்த ஒரு காலும் இருந்தது. அந்த வீட்டு வாசல்படியில் நின்று அய்யாசாமி ஒரு சொம்பு தண்ணீர் கேட்டால், கையை ஏந்தச் சொல்லித்தான் ஊற்றுவார்கள். இது இருவருக்கும் தெரியும். தெரிந்தேதான் மூன்று வருஷம் பஸ் ஸ்டாப் வரை பத்தடி இடைவெளி விட்டு நடந்தார்கள். பேச்செல்லாம் அந்தப் பத்தடிக்குள்தான்.

1957இல் அவனுக்குப் பிலாயில் எஃகு ஆலை கட்டும் இடத்தில் வேலை கிடைத்தது. போவதற்கு முதல் நாள், "லெட்டர் போடட்டுங்களா?" என்று கேட்டான்.

"இங்கிலீஷ்ல போடுங்க" என்றாள் ராமாமணி. "அப்பாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். பங்காரம்மாவும் படிச்சுப்போடுவா." பங்காரம்மா அவளுடைய தங்கச்சி. இங்கிலீஷ் கடிதம் என்றால் டைப்பிங் பரீட்சை சம்பந்தமானது என்று சொல்லிக்கொள்ளலாம்.

மாதம் ஒரு கடிதம் வந்தது. செம்மண் புழுதி, இரவும் பகலும் ஓயாத கிரேன்கள், கொத்தமல்லி கிடைக்காத சந்தை என்று எதையாவது எழுதுவான். அவள் சிறுவாணித் தண்ணீரைப் பற்றியும் ஆபீஸில் வாங்கிய புது மிஷினைப் பற்றியும் எழுதுவாள். இருவருக்கும் அது கடன் வாங்கிய மொழி. அதனாலேயே அவள் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை உரசிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தாள்.

1959 ஆடியில் வந்த கடிதம் குட்டையாக இருந்தது. குவார்ட்டர்ஸ் கொடுத்துவிட்டார்களாம். இரண்டு அறை. கடைசி வரி ஒரே கேள்வி: ஆர் யூ ரெடி?

நாலு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் மட்டும் கிளம்பிப் போய்விடலாம். போன மறுநாளே பங்காரம்மாவைப் பெண் கேட்டு ஒருத்தரும் படியேற மாட்டார்கள். இப்போது படுக்கையிலேயே விழுந்துவிட்ட அப்பாவை யார் திருப்பிப் படுக்கவைப்பது? ரெடி என்றால் பெட்டியைக் கையில் எடுத்தாயிற்று என்று அர்த்தம். அந்தப் பொய்யை அவனிடம் சொல்ல மனம் வரவில்லை. மனசு பூராவும் இருக்கிறது என்பதைச் சொல்லாமலிருக்கவும் முடியவில்லை. கடைசியில் ஒரே வரி எழுதினாள். ஐ ஆம் வில்லிங், பட் நாட் யெட் ரெடி.

இதைவிட உண்மையாக எழுத முடியாது என்று நினைத்துத்தான் தபாலில் போட்டாள்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஐ ஆம் பிரிப்பேர்ட் டு வெயிட். அவ்வளவுதான்.

பிரிப்பேர்ட்! நாக்பூர் ஏஜென்டுக்கு எழுதின அதே வார்த்தை. மனசில்லை, ஆனாலும் செய்கிறேன் என்கிறான். ராமாமணி அன்றைக்குத் தலைவலி என்று சொல்லிச் சீக்கிரம் வீட்டுக்குப் போனாள். அதன் பிறகு அவள் கடிதங்கள் சுருங்கின. அவனுடையவையும் சுருங்கின. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்றாகி, அதுவும் நின்றது. ஆனால் மாலையில் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது அவள் இன்னமும் சாலையில் ஒரு ஓரமாகத்தான் நடந்தாள், பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு.

1962 மாசியில் அப்பா போய்ச் சேர்ந்தார். மறு வருஷம் தை மாதம் பங்காரம்மாவுக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை வெங்கடபதி அவளைப் பொள்ளாச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனான். வீட்டில் ராமாமணி மட்டும். முப்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள், மூடினாள், தூக்கிப் பார்த்தாள். தூக்க முடிந்தது. அப்புறம்தான் உட்கார்ந்து, மூன்று வார்த்தை எழுதினாள். ஐ ஆம் ரெடி.

பதில் வர ஏழு வாரமாயிற்று. உறையைப் பிரித்தால், தமிழ். அவன் கையெழுத்தைத் தமிழில் அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

"அம்மணிக்கு அய்யாசாமி எழுதிக்கிறதுங்க. எனக்குப் போன வைகாசியில கல்யாணம் ஆயிருச்சுங்க. அம்மா பார்த்த பொண்ணு, பேரு பாவாத்தாள், நல்லவங்க. உங்ககிட்ட மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லீங்க. இங்க ஆளுகளை வேற இடத்துக்கு மாத்தறப்ப ஒரு பாரம் கொடுப்பாங்க. ஐ ஆம் வில்லிங்னு எழுதிக் கையெழுத்துப் போடோணும். போடாட்டி வேலை போயிரும், அதனால எல்லாரும் போடுவாங்க. ஒருத்தருக்கும் இஷ்டம் இருக்காதுங்க. அன்னிக்கு ஆபீஸ்ல நீங்க சொன்ன அர்த்தமெல்லாம் இங்க வந்த ரெண்டு வருசத்துல எனக்கு மறந்தே போச்சுங்க. நீங்களும் அப்படித்தான் எழுதிப்போட்டீங்கன்னு நெனச்சுட்டேன். என்மேல இரக்கப்பட்டுச் சரின்னு சொல்றீங்கன்னு. ஆனாலும் மனசு கேக்கலீங்க. ஊட்டுக்கு நானே சுண்ணாம்பு அடிச்சேன். கட்டில் வாங்கிப் போட்டேன். ஜன்னலுக்குக் கீழ உங்க மிஷினுக்குன்னு ஒரு மேஜை, நானே அளவெடுத்துச் செஞ்சேன். எல்லாம் பண்ணி வச்சுட்டு இருக்கேங்கறதைத்தான் பிரிப்பேர்ட்னு எழுதினேன். வேற வார்த்தை எனக்குத் தெரியலீங்க."

ராமாமணி அதை அடுப்படியில் நின்றபடியே படித்தாள். பால் பொங்கி வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை. அழுகைகூட உடனே வரவில்லை. ஜன்னலுக்குக் கீழே மேஜை என்றானே, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழும் என்றுதான் முதலில் நினைப்பு ஓடியது. இடது பக்கத்திலிருந்து விழுந்தால் நன்றாக இருக்கும். அளவெடுத்தவன் அதையும் பார்த்திருப்பான். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

பத்து நாள் கழித்து, அவளும் தமிழில் எழுதினாள். ஒன்பது வருஷமாகத் தினமும் முப்பது கடிதம் அடித்தவளுக்கு அந்த நாலு வரிக்கு ஒரு ராத்திரி முழுக்க வேண்டியிருந்தது.

"நல்லா இருங்க. அவங்களையும் நல்லா வச்சுக்குங்க. நான் இரக்கப்பட்டு எழுதலீங்க. எனக்கு ஆசை இருந்துச்சுங்க, அதை மட்டும் தெரிஞ்சுக்குங்க."

அதற்குப் பதில் வரவில்லை. பதில் வேண்டி அவள் எழுதவும் இல்லை. பங்காரம்மா இரண்டு மூன்று வரன் கொண்டுவந்தாள். "என்னக்கா, இன்னும் என்னத்துக்கு யோசிக்கறே?" என்று ஒருமுறை கோபித்துக்கொண்டாள். ராமாமணி சிரித்து மழுப்பிவிட்டாள். 1968இல் கம்பெனியின் கடிதப் பிரிவே அவள் பொறுப்புக்கு வந்தது. அந்த வருஷம் அவளுக்கென்று தனி அறை கொடுத்தார்கள். மேஜையை எங்கே போடட்டும் என்று கேட்ட ஆட்களிடம், ஜன்னலுக்குக் கீழே வேண்டாம், எதிர்ச் சுவரோரம் போடுங்கள் என்றாள்.