விண் பூட்டாத பட்டம்

குருநகர்ச் சந்தியோகுவுக்குக் கை சும்மா இருந்தால் வாய் சும்மா இராது. தொண்ணூற்றிரண்டு தை மாதம், சண்டையால் கடலுக்குப் போகத் தடை. வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடக்க, மனுஷன் குறை சொல்லாத பானை சட்டி மிச்சமில்லை. கடைசியில் ஆளுயரத்துக்கு இரண்டு சிறகு வைத்து விமானப் பட்டம் கட்டத் தொடங்கினார். அயலட்டைக்கு அப்பாடா என்றிருந்தது.

மனைவி கத்தரீனாவை நினைத்துத்தான் அவருக்குக் கலக்கம். பக்கத்து ஒழுங்கையில் பொம்மர் விமானம் குண்டு போட்டதிலிருந்து எது இரைந்தாலும் அவள் பங்கர்க் குழிக்குள் ஓடிவிடுவாள். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினுக்கும் ஓடினாள். ஓடினால் பொழுதுபடும்வரை வெளியே வரமாட்டாள்.

பட்டமென்றால் உச்சியில் விண் பூட்டவேண்டும். விண் என்கிற அந்த வில்லில் இழுத்துக் கட்டிய நாரில் காற்றுப் பட்டால் ஊரே கேட்க இரையும். புதுப் பட்டத்தை முதலில் விண் இல்லாமல் ஏற்றிப் பார்ப்பது வழக்கம். சந்தியோகு விண்ணைச் செய்து, வள்ளத்தின் கீழே ஒளித்துவைத்தார்.

முதல்தரம் பட்டம் சுழன்றடித்து மணலில் மூக்கைக் குத்தியது. பட்டத்தின் நெஞ்சில் கட்டிய முச்சைக் கயிற்றை ஒரு விரலளவு குறைத்துக் கட்டினார். அடுத்ததரம் வாடைக்காற்றில் நேரே ஏறி, கடலுக்கு மேலே அசையாமல் நின்றது.

"சோக்கா நிக்குது, அண்ணை. இனி விண்ணைப் பூட்டுங்கோவன்," என்றான் பக்கத்து வீட்டு யாகோப்பு.

"வேண்டாம்."

"விண் இல்லாட்டி உது பட்டமே? ஊமைப் பிளேன்!"

கரையே சிரித்தது. பதிலுக்கு ஏசவேண்டிய சந்தியோகு கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்தார். யாகோப்புவுக்கே பயம் பிடித்தது.

தேநீரோடு வந்த கத்தரீனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"விண் எங்கை?"

"செய்யேல்லை."

"பொய். வள்ளத்துக்குக் கீழை கண்டனான். இறக்கிப் பூட்டுங்கோ. கயிறு என்ரை கையிலை இருக்கட்டும்."

தேநீரை அவரிடம் கொடுத்து அவள் கயிற்றைப் பிடிக்க, பட்டம் மறுபடி ஏறியது. விண் இரைந்தது. அவள் தோள் ஒடுங்கியது; கண் பங்கர்ப் பக்கம் போனது. ஓடப்போகிறாள் என்று சந்தியோகு கயிற்றுக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. கயிற்றைச் சுண்டி இழுத்தாள், இரைச்சல் உயர்ந்தது. இளக்கினாள்; தணிந்தது. இன்னொருதரம் செய்து பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இந்தச் சத்தம் நான் சொன்னாக் கேக்குது."

சந்தியோகு ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

"பனங்கட்டி காணாது, இனிப்பில்லை," என்றார்.