தரை படிய ஒன்றரை மணி நேரம்

என் தம்பி ஒரு நடனக் குழுவில் வேலை பார்க்கிறான் என்று சொன்னால், ஆடுவானா என்று கேட்கிறார்கள். ஆட மாட்டான். தரை போடுகிறான். அரங்கத்தில் தரை ஏற்கெனவே இருக்குமே என்பது அடுத்த கேள்வி. இருக்கும், ஆனால் அது மற்றவர்கள் நடக்கிற தரை. ஆடுகிற பிள்ளைகள் வெறுங்காலோடு சறுக்கவும் புரளவும் தொப்பென்று விழவும் அதன் மேல் கறுப்பு ரப்பர் விரிப்பு போட வேண்டும். ஆறு சுருள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் கனம். வரிசையாக விரித்து, இடுக்குத் தெரியாமல் டேப் ஒட்டினால் அதுதான் மேடை. பதினோரு வருஷமாக அவன் இதைத்தான் செய்கிறான். அதே குழுவில் துணி துவைத்து இஸ்திரி போடுகிறவள் நான். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டதல்ல.

இந்தக் குழுவின் நடனம் நீங்கள் நினைக்கிற மாதிரி இருக்காது. பாதி நேரம் நிற்பார்கள், மீதி நேரம் விழுவார்கள். வீட்டில் போட்டுக்கொள்ளும் பழைய உடுப்பு மாதிரி ஒன்றைப் போட்டிருப்பார்கள். அந்தப் பழசைப் புதிதாகத் தைக்க மூன்று வாரம் ஆகும். நான் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுத் தொங்கவிடுவேன். அவர்கள் எடுத்து நன்றாகக் கசக்கி, ஒரு உதறு உதறிப் போட்டுக்கொள்வார்கள். கசக்கத்தான் போகிறீர்கள் என்றால் நான் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "பாட்டி, நீங்க ஒழுங்கா இஸ்திரி போட்டாத்தான் நாங்க கசக்கினது தெரியும்" என்றாள் ஒருத்தி. அதற்கு மேல் நான் வாதாடவில்லை. நானும் வாதாடாமல் விட்ட இடம் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

தம்பி முன்பு வீடுகளுக்குத் தரை ஓடு பதிக்கிறவன். வேலை சுத்தம். அதுவே அவனுக்கு வினை. ஒரு வீட்டில் எல்லாம் முடிந்து, வீட்டுக்காரர் பாராட்டி, சாமான்களைக்கூட இறக்கிவிட்டார். இவன் போய்க் குனிந்து பார்த்து, மூலையில் ஒரு ஓடு மயிரிழை தூக்கியிருக்கிறது என்று நாலு வரிசையைப் பெயர்த்துவிட்டான். "யாருக்குய்யா தெரியப்போவுது?" என்று மேஸ்திரி கத்தினார். "காலுக்குத் தெரியும்" என்றான். அத்தோடு அந்த வேலை போயிற்று. இப்படி மூன்று மேஸ்திரிகளிடம் போன பிறகுதான் நான் இங்கே கூட்டி வந்தேன். மயிரிழையைப் பெரிதாக நினைக்கிற இடம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று தோன்றியது.

பதினோரு வருஷத்தில் அவன் போட்ட தரையில் ஒருவரும் தடுக்கி விழுந்ததில்லை. விழ வேண்டிய இடத்தில் மட்டும்தான் விழுந்தார்கள்.

ஒரே ஒரு தடவை அவனுக்குக் கடும் காய்ச்சல். வெளியூர் அரங்கத்தில் அங்குள்ள ஆட்களே அவசரமாகத் தரையைப் போட்டார்கள். ரப்பர் விரிப்பைச் சுருளிலிருந்து பிரித்ததும் ஒட்டக்கூடாது. லாரியில் குளிர்ந்து சுருண்டு கிடந்தது, விரித்துப் போட்டு ஒன்றரை மணி நேரமாவது படிய விட வேண்டும். அதற்குள் ஒட்டினால் விளக்குச் சூட்டில் அது உப்பும். அன்றைக்கு உப்பியது. எங்கள் குழுவில் உயரமாகக் குதிக்கிற பெண் அந்தக் கொப்புளத்தின் மேல் இறங்கி, முழங்காலில் ஏதோ அறுந்து, அறுவை சிகிச்சை வரை போய், எட்டு மாதம் வீட்டில் கிடந்தாள். டாக்டர் அவளிடம், இன்னொரு தடவை இப்படி ஆனால் ஆட்டத்தை மறந்துவிடு என்று சொல்லியிருந்தார். தம்பி அவளைப் பார்க்கப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தான். காய்ச்சல் வந்தது தன் தப்பு என்றே அவன் வைத்துக்கொண்டான். அவள் திரும்பி வந்து ஆடப்போகிற முதல் நிகழ்ச்சிக்குத் தான்தான் தரை போட வேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தான்.

அந்த நிகழ்ச்சி விஷயத்தில்தான் எங்கள் மேடத்துக்கு ஞானம் பிறந்தது.

குழுவை நடத்துகிறவர், ஆட்டத்தை அமைக்கிறவர், எல்லாமே மேடம்தான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எதையாவது கண்டு கண் கலங்குவார், அவ்வளவுதான் குறை. எங்கள் ஒத்திகைக் கூடம் ஒரு பழைய நூல் கிடங்கின் மாடி. ஒருநாள் தம்பி அங்கே ஓரத்துச் சுருள் இரண்டை எடுத்துவிட்டு மறுபடி விரித்துக்கொண்டிருந்தான். முட்டி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையால் இடுக்கை நீளமாகத் தடவிக்கொண்டே போனான். மேடம் வாசலில் நின்றவர் நின்றபடியே நின்றார்.

"இதுதான்" என்றார்.

தம்பி பதறி எழுந்தான். "எங்க மேடம்? உப்பலா?"

"இல்லீங்க. நீங்க. நீங்க பண்றதுதான் நடனம். புது நிகழ்ச்சி இப்படித்தான் ஆரம்பிக்கப் போவுது. ஜனங்க உள்ள வரும்போது நீங்க மேடையில தரை போட்டுட்டு இருப்பீங்க."

"ஜனங்க வரும்போது தரை போட்டு முடிச்சிருக்கணுமே மேடம்?"

"அதான் இத்தனை நாள் நாம பண்ண தப்பு" என்றார் மேடம், கண் கலங்கி.

மறுநாளிலிருந்து என் தம்பிக்கு நடிப்புப் பயிற்சி இல்லை. நடிக்காமல் இருக்கப் பயிற்சி. "நீங்க நடக்கிற மாதிரியே நடங்க" என்பார் மேடம். அவன் நடப்பான். "இல்ல, இது நீங்க இல்லை" என்பார். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவன் தன்னை மாதிரியே நடக்கக் கற்றுக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. வலது கையும் வலது காலும் சேர்ந்து முன்னால் போயின. வீட்டுக்குள் கதவுக்கும் அடுப்படிக்கும் நடந்து பழகினான். அவன் மனைவி, "இருபத்தஞ்சு வருஷமா நீங்க நீங்களா இருந்துதான் என்னைப் பாடாப் படுத்துறீங்க. அங்க மட்டும் வரலையாக்கும்" என்றாள்.

நான்காம் நாள் அவன் அசல் விஷயத்தை எடுத்தான். "மேடம், விரிச்சதும் ஒட்ட முடியாது. ஒன்றரை மணி நேரம் படியணும்."

"பாட்டு இருபத்திரண்டு நிமிஷம்தாங்க."

"தரைக்குப் பாட்டெல்லாம் தெரியாது மேடம்."

"ஒத்திகையில ஒண்ணும் ஆகலையே" என்றார் மேடத்தின் உதவியாளர். ஒத்திகையில் எப்படி ஆகும்? கூடத்தில் தரை நிரந்தரமாக ஒட்டிக் கிடக்கிறது. ஓரத்தில் இரண்டு சுருளை மட்டும் விரித்துக் காட்டினான். அதன் மேல் யாரும் குதிக்கவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய்ச் சொன்னேன்: "ஏன் மேடம், மத்தியானமே தரையைப் போட்டு ஒட்டி வெச்சுடட்டும். சாயங்காலம் அதுமேலயே ஒட்டுற மாதிரி பாவனை காட்டட்டும். கறுப்புத் தரையில கறுப்பு டேப், யாருக்குத் தெரியும்?"

மேடம் என்னைப் பார்த்த பார்வை, பாலில் விழுந்த ஈயைப் பார்க்கிற பார்வை. "பாட்டி, பொய் என் மேடையில ஏறாது."

ஏறாதாம். போன வருஷ நிகழ்ச்சியில் அப்பா அம்மா இரண்டு பேரும் உயிரோடு முன் வரிசையில் உட்கார்ந்திருக்க, ஒரு பிள்ளை அநாதையாக அரை மணி நேரம் தேம்பினான். நான்தான் அவனுக்குக் கைக்குட்டை துவைத்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். தம்பி என் கையைப் பிடித்து அழுத்தினான்.

வெளியே படிக்கட்டில் அவனிடம் கேட்டேன். "என்னடா பண்ணப் போற?"

"தரை போடப்போறேன்."

"அந்தப் பொண்ணு?"

"அவளுக்குத்தான்க்கா போடுறேன்" என்றான்.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு. அரங்கம் நிறைந்திருந்தது, இருநூறு பேர் இருக்கும். நான் பக்கத் திரைக்குப் பின்னால் துணித் தாங்கியோடு நின்றேன். ஜனங்கள் வந்து உட்கார உட்கார, மேடையில் என் தம்பி சுருளை உருட்டி வந்தான். ஒரு வித்தியாசமும் இல்லை, கையும் காலும் சரியாகத்தான் போயின. அன்றைக்கு நடிப்பு, நடிக்காதது இரண்டையும் அவன் மறந்துவிட்டான். லாரியிலிருந்து இறங்கிய ரப்பர் ஜில்லென்று விறைத்துக் கிடந்தது. ஓரங்கள் நாக்கு மாதிரி மடிந்து நின்றன. ஆறு சுருளையும் விரித்தான். டேப்பை மட்டும் தொடவில்லை.

இருபத்திரண்டு நிமிஷம் முடிந்தது. இசை மாறியது. அந்தப் பெண் ஓடி வர வேண்டிய இடம். அவள் திரை ஓரத்தில் ஒரு காலை எடுத்து வைத்தாள். தம்பி போய் இரண்டு கையையும் விரித்து அவள் முன்னால் நின்றான்.

"போகாதம்மா."

"அண்ணா, என் பாட்டு ஆரம்பிச்சிடுச்சு!"

"பாட்டை இன்னொரு தடவை போடலாம். காலை எவன் போடுவான்?"

அவள் அவனைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

தம்பி ஜனங்கள் பக்கம் திரும்பினான். "தரை இன்னும் படியலைங்க. இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். வெளிய போய் டீ குடிச்சுட்டு வாங்க" என்றான். நடு மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

படபடவென்று கைதட்டினார்கள். இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். இந்த நடனம் பார்க்க வருகிறவர்களிடம் அது ஒரு நல்ல குணம், எதையும் தாங்குவார்கள். கால் மணி நேரம் தாங்கினார்கள். அரை மணி ஆனபோது இருமல் ஆரம்பித்தது. ஒருவர் எழுந்தார், பிறகு ஒரு வரிசையே எழுந்தது. "ஐயா, உண்மையாவே சொல்றீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "ஆமாங்க" என்றான் தம்பி. அந்த ஆளும் கிளம்பிவிட்டார். மேடம் திரைக்குப் பின்னால் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். உதவியாளர் மேடைக்குப் போய் இவனை இழுத்து வரட்டுமா என்று கேட்டார். "நாம ரெண்டு பேரும் சேர்ந்தாலும் அவனைத் தூக்க முடியாது, எங்கம்மாவே முடியாம விட்டுட்டாங்க" என்றேன்.

ஒன்றரை மணி நேரம் ஆனதும் தம்பி எழுந்து, கண்ணை மூடித் தடவிப் பார்த்து, டேப் ஒட்டி, ஓரமாகப் போய் நின்றுகொண்டான். அந்தப் பெண் முப்பத்தேழு பேருக்கு முன்னால் ஆடினாள். ஆறு தடவை குதித்தாள், ஆறு தடவையும் பூ மாதிரி இறங்கினாள்.

"என்னை அழிச்சுட்டீங்க" என்றார் மேடம், எல்லாம் முடிந்து.

"தரை சரியா இருந்துச்சா மேடம்?" என்று கேட்டான் தம்பி. அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் மேடத்துக்கு இன்னும் ஆத்திரம்.

மறுநாள் கூடிப் பேசினார்கள். இனி அவன் மேடையில் ஏறக்கூடாது என்று தண்டனை. அதைக் கேட்டுவிட்டு வந்தவன் முகத்தில் கல்யாணக் களை. அவன் மனைவி நிம்மதியாக, "இனிமே அடுப்படிக்கு மனுஷன் மாதிரி வருவீங்கல்ல?" என்றாள்.

ஆனால் தரை போடும் காட்சியை மேடம் விடவில்லை. எங்கள் குழுவில் நெட்டையன் ஒருவன் இருக்கிறான், நன்றாக ஆடுவான். அவனை என் தம்பியாக நடிக்க வைத்தார்கள். தம்பியின் பழைய சட்டையை மாதிரிக்கு வாங்கிப்போய் மூன்று வாரம் தைத்தார்கள். அடுத்த நிகழ்ச்சி வந்தது. மத்தியானமே தம்பி தரையை விரித்து, படியவிட்டு, ஒட்டி முடித்தான். மாலையில் நெட்டையன் உள்ளே ஒன்றுமில்லாத அட்டைக் குழாயை உருட்டிக்கொண்டு வந்து, ஒட்டியதன் மேலேயே ஒட்டுகிற மாதிரி விரலை ஓட்டினான். மேடம் கண் கலங்கினார்.

"நான் அன்னைக்கே இதைத்தானே மேடம் சொன்னேன்?"

"பாட்டி, நீங்க சொன்னது பொய். இது நடனம்."

பத்திரிகையில் எழுதினார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது, பேத்தி வாசித்தாள். உழைக்கிறவனின் உடம்பு இத்தனை உண்மையாக மேடையில் வந்ததே கிடையாதாம். நெட்டையனின் படம் பெரிதாகப் போட்டிருந்தது. தம்பியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "நல்ல பையன்க்கா. ஆனா கை தரையில எதையும் தேடலை" என்றான். பொறாமை என்று நினைக்க வேண்டாம். டேப்பைப் பல்லால் கடித்துக் கிழிக்கிறானே, தரையில் எச்சில் படாதா என்பதுதான் அவனுடைய பெரிய கவலை.

நெட்டையன் தரை போட்ட அன்றைக்கு, அந்தப் பெண் குதிக்கும்போது தம்பி பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்து, அவள் இறங்குகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்து அவள் வியர்வையோடு வந்தபோது துண்டை நீட்டினான்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"எது அண்ணா?"

"தரை."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "தரையா? ஐயோ, நான் அதைக் கவனிக்கவே இல்லையே அண்ணா."

அவள் மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொன்னாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். தம்பி அந்த வாரம் முழுக்க யார் என்ன கேட்டாலும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான், மேடத்துக்குக்கூட.