ஒரு நூல் இறங்கிய காந்தாரம்

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம் அது. ஓசூரில் வீட்டுக்கு வந்து பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் என்றால் சவரியப்பன் ஒருவர்தான். மாதா கோவில் தெருவில் குடியிருந்தார். சைக்கிள் கேரியரில் ஆர்மோனியப் பெட்டியை வைத்து ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பதினோரு வீடுகளுக்குப் போய்வருவார். சின்னக் குழந்தைகள், கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுப் பகலில் பாட ஆசைப்படும் வீட்டுக்காரம்மாக்கள் என்று எல்லா வயதிலும் அவருக்கு ஆள் உண்டு. கிறிஸ்தவர் வந்து முருகன் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாரே என்று யாரும் கேட்டதில்லை. வீட்டில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் தாலுகா ஆபீஸில் தமிழும் பேசுகிற ஊருக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

மனிதர் பயந்தவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கே ஒரு வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்பதுதான் அந்தப் பயம். "அடுத்த மாசம் பாத்துக்கலாங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஒரு வீடு நிறுத்தினால் பக்கத்து வீடு காரணம் கேட்கும், பிறகு எதிர்வீடு கேட்கும். அதனால் யாரிடமும் எதிர்த்துப் பேசமாட்டார். ஆனால் தன் சங்கீதத்தில் யாராவது குறை கண்டால் மட்டும் அந்தப் பயமே கோபமாக மாறி வெளியே வரும். இந்தக் கதையின் கேடு அங்கேதான் தொடங்கியது.

பதினோரு வீடுகளில் பெரிய வீடு வெங்கடப்பனுடையது. ராகி வயலும் தோட்டமும் உள்ள குடியானவர். மற்ற வீடுகளில் பாதி அவர் சொல்லிச் சேர்ந்தவை. அவருடைய மகள் சம்பங்கி மூன்று வருஷமாகச் சவரியப்பனிடம் பாடிக்கொண்டிருந்தாள். வைகாசியில் அவளைப் பெண் பார்க்கக் குருபரப்பள்ளியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை முனிவேல், கிருஷ்ணகிரியில் குமாஸ்தா உத்தியோகம். பஜனை கோஷ்டியில் பிடில் வாசிப்பவன். சவரியப்பன் பெட்டி வாசிக்க, சம்பங்கி மோகன ராகத்தில் ஒரு கீர்த்தனை பாடினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். முனிவேல் மட்டும் கொஞ்சம் தயங்கி, மரியாதையாகவே சொன்னான்.

"குரல் ரொம்ப நல்லா இருக்குதுங்க. காந்தாரம் மட்டும் ஒரு நூல் எறங்குதோன்னு பட்டுது."

ஸரிகமவில் மூன்றாவதாக வருகிற 'க'தான் காந்தாரம்; அது மயிரிழை தாழ்ந்து ஒலிக்கிறது என்பதை அவன் குறையாகச் சொல்லவில்லை. சங்கீதம் தெரிந்தவன் சங்கீதம் தெரிந்த இன்னொருத்தியிடம் பேசுகிற பேச்சு அது. சம்பங்கிக்கு அது புரிந்தது. நிமிர்ந்து அவனை ஒரு தடவை பார்த்தாள். அன்றைக்கு அவள் நிமிர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

அவர்கள் போனதும் வெங்கடப்பன் வாத்தியாரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். "அந்தப் பையன் சொன்னது நெசமா வாத்யாரே?"

"இருபத்திரெண்டு வருஷமா இதுதானுங்க என் பொழப்பு. அவருக்குக் காது மந்தம்" என்றார் சவரியப்பன். கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

பெண்ணைக் குறை சொன்ன இடத்தில் பெண் கொடுப்பதில்லை என்று வெங்கடப்பன் மறுநாளே தரகர் திம்மராயனிடம் சொல்லியனுப்பிவிட்டார். அடுத்த பாடத்தில் சம்பங்கி பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அவுரு சொன்னது சரியா இருக்குமோ வாத்யாரய்யா?" சவரியப்பன் ஸ்வரத்தை எடுத்தார். அவளும் பாடினாள்.

ஆனி பிறந்ததும் மத்திகிரியில் பன்னிரண்டாவது வீடு கிடைத்தது. மாட்டுப்பண்ணையில் வேலை பார்க்கும் ஒருவருடைய மனைவி சாந்தம்மா. முப்பத்தெட்டு வயதில் பாட்டுக் கற்றுக்கொள்ள ஆசை வந்து, பெங்களூர் சிக்குப்பேட்டையிலிருந்து புது ஆர்மோனியமே வரவழைத்துவிட்டாள். சவரியப்பன் உட்கார்ந்து துருத்தியை அசைத்து ஸரிகமவை ஒரு ஓட்டு ஓட்டினார். காந்தாரத்தில் முகம் சுளித்தார். மறுபடியும் அழுத்திப் பார்த்தார்.

"அம்மா, கடைக்காரன் ஏமாத்திட்டானுங்க. இந்தக் காந்தாரம் மேல நிக்குது. திருப்பிக் குடுத்துடுங்க."

சாந்தம்மாவின் புருஷன் பாவம், லீவு போட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். கடைக்காரன் கன்னடத்தில் ஏதேதோ முணுமுணுத்துவிட்டு வேறு பெட்டி கொடுத்தான். அடுத்த செவ்வாய்க்கிழமை சவரியப்பன் அதன்முன் உட்கார்ந்தார். அதே காந்தாரம், அதே உயரத்தில்.

இரண்டு பெட்டி ஒரே மாதிரி தப்பாக இருக்காது. அந்த நினைப்பு வந்ததும் கட்டையிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

"இது எப்பிடி இருக்குது மேஷ்ட்ரே?" என்றாள் சாந்தம்மா.

"இது சரியா இருக்குதுங்கம்மா" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

அங்கிருந்து நேரே மாதா கோவிலுக்குப் போனார். அங்கே ஆர்மோனியம் வாசிப்பவர் ஒரு கன்னியாஸ்திரீ. சவரியப்பன் பூசைக்குப் போவதோடு சரி, அந்தப் பெட்டியைத் தொட்டதில்லை. அன்றைக்கு அனுமதி கேட்டு, தன் பெட்டியை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டு கட்டையையும் மாறி மாறி அழுத்தினார். முனிவேல் சொன்னது போலவே ஒரு நூல் இறக்கம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவருடையது ஒற்றை ரீடு பெட்டி; கட்டைக்கு ஒரே ஒரு பித்தளை நாக்கு. ஒரு ரீடு இறங்கினால் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்க இன்னொன்று கிடையாது. பெண்பிள்ளைகள் யாராக இருந்தாலும் ஐந்து கட்டை சுருதிதான் என்பது அவர் வழக்கம். ஆகவே எல்லா வீட்டிலும் அதே கட்டைதான் காந்தாரம். சைக்கிள் குலுங்கக் குலுங்க, ரோட்டுத் தூசி ரீடின் நுனியில் படியப் படிய, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. கூடவே அவர் காதும் இறங்கியிருக்கிறது. கூடவே பதினோரு வீட்டுத் தொண்டைகளும்.

மறுநாள் மத்தியானம் அதே கோவிலில் பெட்டியைப் பிரித்து, பிளேடால் ரீடின் நுனியைச் சுரண்டிச் சுரண்டிச் சரிசெய்தார். அரை மணி வேலை. பெட்டி சரியாகிவிட்டது. தொண்டைகளை எந்தப் பிளேடால் சுரண்டுவது?

வெள்ளிக்கிழமை வெங்கடப்பன் வீட்டுக்குப் போகும்போது, சொல்லிவிடுவது என்றுதான் போனார். வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே வெங்கடப்பன் யாரோ வேலையாளைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், வாத்தியாருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். சம்பங்கி பாடினாள். காந்தாரம் வந்த இடத்தில் குரலும் பெட்டியும் முட்டிக்கொண்டன. அவள் நிறுத்தி, மறுபடி எடுத்தாள். மறுபடியும் முட்டியது.

"பெட்டி சரியாத்தான இருக்குது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சரியா இருக்குதும்மா." அது உண்மைதான். அந்த உண்மையைச் சொன்னதற்குத்தான் பிறகு ரொம்ப நாள் வெட்கப்பட்டார்.

"அப்ப என் தொண்டைதான் கெட்டுப்போச்சி." சம்பங்கிக்குக் கண் நிறைந்துவிட்டது. "அன்னிக்கே கெட்டுத்தான் இருந்திருக்கும். அவுரு சரியாத்தான் சொல்லியிருக்காரு. அப்பாதான் கேக்கல."

"சளி புடிச்சிருக்கும். ரெண்டு நாள் சுக்குத்தண்ணி குடி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி ஜோதியம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அந்தப் பையனுக்கு வேற எடத்துல முடிஞ்சிட்டுதா?"

"இன்னும் இல்லியாம். திம்மராயன் சொன்னான்."

"அப்ப இப்பவே போயிச் சொல்லுங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள முடிச்சிடலாம்னுதான எல்லாரும் அலையறாங்க."

"சொன்னா பதினோரு வீடும் போயிடும் ஜோதி. ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் தப்பாச் சொல்லிக் குடுத்தவன்னு பேராயிடும். அப்பறம் என்னா பண்றது?"

"அதுக்கு அந்தப் பொண்ணு என்னா பண்ணுச்சி?" என்றாள் ஜோதியம்மாள். புடைக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

சனிக்கிழமை சொல்லலாம் என்றிருந்தார். சனிக்கிழமை வெங்கடப்பன் சூளகிரி போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்கால் போட்டுத் தைரியம் கேட்டார். கிடைத்த தைரியம் கோவில் படி இறங்குவதற்குள் தீர்ந்துபோயிற்று. திங்கட்கிழமை மற்ற வீடுகளில் குழந்தைகளை உட்கார வைத்து, "இனிமே புது மாதிரி" என்று காந்தாரத்தை ஏற்றிப் பாடச் சொன்னார். குழந்தைகள் ஏற்றிக்கொண்டன. குழந்தைகளுக்கு என்ன, எதையும் பிடித்துக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை வெங்கடப்பன் வீட்டுக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டு வீட்டிலேயே படுத்திருந்தார். தெருவில் சைக்கிள் மணி அடித்தால்கூட யாரோ கேட்க வந்துவிட்டார்கள் என்று எழுந்து உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை காலை டீக்கடையில் திம்மராயன் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். "குருபரப்பள்ளிக்காரங்க காவேரிப்பட்டணத்துல ஒரு பொண்ணு பாத்துட்டு வந்திருக்காங்களாம்."

சவரியப்பன் கிளாஸை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார். பெட்டியைக்கூட எடுக்கவில்லை. வெங்கடப்பன் தோட்டத்துக் கிணற்று மோட்டார்க் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கூழ் கொண்டுவந்த சம்பங்கியும் பக்கத்தில் இருந்தாள். வாத்தியார் மூச்சுவாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ரீடு இறங்கியது, கோவில் பெட்டியோடு ஒத்துப் பார்த்தது, அந்தப் பையன் சொன்னதில் ஒரு நூல்கூடத் தப்பில்லை என்பது. வெங்கடப்பனின் முகம் இறுகுவதைப் பார்த்ததும், கேட்காமலே ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டது.

"நேத்துத்தானுங்க எனக்கே தெரிஞ்சுது."

வெங்கடப்பன் தோள்துண்டை உதறிப் போட்டார். "நான் போயி மன்னிப்புக் கேட்டுக்கறன். நாளைக்கிக் காலையில மொதோ பஸ்ஸு. நீங்க சாயந்திரம் நம்ம வீட்ல வந்து இருங்க வாத்யாரே."

வெள்ளிக்கிழமை பகல் முழுக்கச் சவரியப்பன் எந்த வீட்டிலும் என்ன சொல்லிக் கொடுத்தோம் என்று தெரியாமல் சொல்லிக் கொடுத்தார். நாலு மணிக்கே வெங்கடப்பன் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். சம்பங்கி உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். காரணம் கேட்க வேண்டியதில்லை.

வெங்கடப்பன் வரும்போதே தெரிந்துவிட்டது.

"முடிஞ்சிபோச்சி வாத்யாரே. முந்தாநேத்து, புதன்கெழம, காவேரிப்பட்டணத்துல தட்டு மாத்திட்டாங்களாம். பையனே எழுந்து வந்து பேசினான். ஒரு வாரம் முந்தி வந்திருக்கக் கூடாதாங்கன்னு கேட்டான்." துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். "உங்க மேல தப்பில்ல. உங்களுக்கும் முந்தாநேத்துத்தான் தெரிஞ்சுது, நேத்தே ஓடியாந்து சொன்னீங்க. வேற ஒருத்தனா இருந்தா அப்பிடியே முழுங்கியிருப்பான். நீங்க பாட்டுக்கு எப்பவும்போல வாங்க, மத்த வீட்டுக்கு நான் சொல்லிக்கறன்."

பதினோரு வீடும் தப்பித்துவிட்டது. அந்த நிமிஷம் சவரியப்பனுக்கு வந்தது நிம்மதிதான். வந்ததும் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

வெங்கடப்பன் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். சம்பங்கி காபி கொண்டுவந்து வைத்தாள். அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள்.

"நீங்க மனசுல வெச்சிக்காதீங்க வாத்யாரய்யா. தெரிஞ்ச ஒடனே வந்தீங்களே, அதுவே பெருசு."

காபியைக் குடித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். அதுதான் அவர் வழக்கம். ஆனால் டம்ளரை எடுத்த கை வாய்க்குப் போகவில்லை. கீழே வைத்துவிட்டார்.

"ஒடனே இல்லம்மா" என்றார். "போன வாரம் செவ்வாக்கெழமையே தெரியும்."

கணக்குப் போடச் சம்பங்கிக்கு நேரம் ஆகவில்லை.

"என் தொண்டைதான் கெட்டுப்போச்சின்னு அழுதனே. அன்னிக்கி?"

"அன்னிக்கும் தெரியும்."

கிணற்றடியில் வாளி இறங்குகிற சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்பாகிட்ட இதச் சொல்லிடாதீங்க. அவுரு தாங்கமாட்டாரு."

"சரிம்மா."

"செவ்வாக்கெழம நீங்க வர வேணாம்." டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள். "எனக்குப் பாட்டே புடிக்கலன்னு அப்பாகிட்ட நான் சொல்லிக்கறன்."