என் சத்தம் அடுத்தவர் கையில்

மலைக்கு மாற்றலாகி வருகிறவர்கள் முதல் மாதம் குளிரை ரசிப்பார்கள். இரண்டாம் மாதம் துணி காயவில்லை என்று புலம்புவார்கள். அதன் பிறகு கீழே இறங்கும் வழியைத் தேடத் தொடங்குவார்கள். நான் வந்த வாரமே தேடத் தொடங்கிவிட்டேன். கணவர் கீழே கிள்ளான் நகரத்தில், நான் இங்கே தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கணக்கு டீச்சர். ஒவ்வொரு வருஷமும் மாற்றல் கேட்டேன். உங்கள் இடத்துக்கு ஆள் இல்லை என்று ஒவ்வொரு வருஷமும் பதில் வந்தது. பள்ளி விடுமுறையில் இறங்கலாம் என்றால், அதே விடுமுறைக்கு நாடே ஸ்ட்ராபெரி வாங்க மலையேறி வரும். தானா ராத்தாவில் பஸ் பிடிக்கக் கியா பார்ம் சந்தையைத் தாண்ட வேண்டும். அங்கே கார்கள் அசையாமல் நிற்கும். நான் வேனுக்குள் உட்கார்ந்து பல்லைக் கடிப்பேன்.

இந்தக் கடுப்பில்தான் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஆழம் தெரியாமல் காலை விட்டேன். எங்கள் பள்ளி அறிவியல் சார் ஜொகூர்க்காரர், கை சும்மா இராத மனிதர். காய்கறித் தோட்டத்தில் போடுகிற மலிவான துணிக் கையுறைகளைப் பிரிஞ்சாங் டவுனில் வாங்கி, ஒவ்வொரு விரலிலும் உள்ளங்கையிலும் சென்சார் தைத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு காற்றில் கையை அசைத்தால் ஸ்பீக்கரில் சத்தம் வரும். நாலு பேர் சேர்ந்து, பாட்டு எதுவும் முடிவு செய்யாமல், அந்தந்த நேரம் தோன்றியதை வாசிக்க வேண்டும் என்றார்.

"எனக்கு சங்கீதம் தெரியாதே சார்."

"தெரியாதவங்கதான் வேணும் டீச்சர். தெரிஞ்சவங்க வந்தா உடனே ராகம் பாட ஆரம்பிச்சிருவாங்க லா."

மற்ற இருவரில் ஒருவர் கியா பார்ம் பக்கம் செவந்திப்பூ பயிரிடும் அக்கா. இன்னொருவர் தேயிலை பேக்டரியில் வயரிங் வேலை பார்க்கும் அண்ணன். தோட்டத்து மண்டபத்தில், கோயிலைப் பார்த்த ஜன்னல் பக்கம், வட்டமாக நின்றோம்.

கையை உயர்த்தினால் அவரவர் சத்தம் கீச்சென்று ஏறும், தாழ்த்தினால் உறுமும். அதுவரை சரி. ஆனால் சத்தம் பெரிதா சிறிதா என்பதைச் சார் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டார். நான் என் இரு உள்ளங்கைகளையும் நெருக்கினால் அக்காவின் சத்தம் பெருகும். விரித்தால் அக்கா ஊமை. அப்படியே அக்கா கையில் அண்ணன், அண்ணன் கையில் சார், சார் கையில் நான். முதல் நாள் மூக்கு அரித்தது என்று சொறிந்தேன். என் சத்தம் குக்கர் விசில் மாதிரி எகிறியது. மற்ற கை விலகியதில் அக்காவின் சத்தம் காணாமல் போனது. அவர் குனிந்து வயர் அறுந்துவிட்டதா என்று தேடினார்.

எங்களுக்குத் தலைவர் கிடையாது. யாரையும் அதிக நேரம் ஊமையாக விடக் கூடாது. நாலு பேரும் கையை விரித்தால்தான் ஆட்டம் முடியும். இரண்டே சட்டம், இரண்டும் எனக்குக் கைவிலங்கு. தோள் கடுக்கும். இறக்கலாம் என்று பார்த்தால் எதிரே அக்கா கண்ணை மூடி உறுமிக்கொண்டிருப்பார், குளிரில் ஸ்டார்ட் ஆன லோரி மாதிரி. எப்படி விடுவது?

"வீட்ல நான் பேசினா யாரு டீச்சர் கேக்குறா? இங்க ஸ்பீக்கர்ல கேக்குது பாருங்க" என்பார் அக்கா, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டே.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சில சனிக்கிழமைகளில் ஜன்னல் வழியே பனி உள்ளே வந்துகொண்டிருக்கும்போது, நாலு சத்தமும் யாரும் சொல்லாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அப்போது நான் சந்தோஷமாக இருந்தேன். விட்டு ஓடத் துடிக்கிற ஊரில் சந்தோஷமாக இருப்பது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார். "கெடச்சிருச்சும்மா. அடுத்த மாசம் கிள்ளான்." யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். போனில் கணவர் துள்ளினார். அடுத்த கேள்வியாக, "உன் கையுறைக் கூட்டத்துக்கிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லணும்."

எப்படிச் சொல்வது? கோயில் திருவிழாவை ஒட்டி மண்டபத்தில் வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தோம். நான் போய்விட்டால் வட்டம் அறுந்துவிடும். அக்காவின் சத்தத்துக்கு ஆள் இல்லை. வாரமெல்லாம் கிள்ளான் வீட்டையே நினைத்துக்கொண்டிருப்பேன், சனிக்கிழமை வந்தால் வாயைத் திறப்பேன், அக்கா தேநீரை நீட்டுவார், வாயை மூடிக்கொள்வேன். புலி வாலைப் பிடித்த கதைதான். இவர்களுக்காக நான் குற்றவுணர்ச்சியில் வேகிறேனே என்று இவர்கள் மேலேயே கோபம் வந்தது.

நிகழ்ச்சி நாள் வந்தது. சாயங்கால பூஜைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று கோயில் கமிட்டி சொல்லியிருந்தது. ஆனால் அதே கமிட்டித் தலைவர்கள் மைக்கைப் பிடித்தால் விடுவார்களா? ஒருவர் பேச்சை இன்னொருவர் பாராட்டி முடிப்பதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. நாங்கள் தொடங்கி, அப்போதுதான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் இடத்துக்கு வந்திருந்தோம். பக்கத்துக் கோயிலில் மின்மேளமும் மணியும் சேர்ந்து முழங்கின. தீபாராதனை.

கூட்டம் மொத்தமும் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பித் தலைக்கு மேல் கைகூப்பியது. அம்மன் முன்னால் கற்பூரம் காட்டும்போது தமிழன் கை யோசித்துவிட்டா எழும்? எங்கள் எட்டுக் கைகளும் எழுந்துவிட்டன, கையுறையோடு.

கை உச்சத்தில், உள்ளங்கை ஒட்டி. அதாவது நாலு பேர் சத்தமும் இருப்பதிலேயே கீச்சாக, இருப்பதிலேயே பெரிதாக. குழந்தைகள் காதைப் பொத்தின. கற்பூரத் தட்டோடு பூசாரி எங்களைத் திரும்பிப் பார்த்தார். தப்பு நடந்துவிட்டது என்று நால்வருக்கும் தெரியும். ஆனால் ஆரத்தி முடியாமல் கையை இறக்குவது எப்படி? சார் உதடுகள் அசைந்தன. வேண்டினாரா, தன்னையே திட்டிக்கொண்டாரா தெரியவில்லை. அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தூக்கிய கையோடு நாலு பேரும் மாட்டிக்கொண்டு நின்றோம். இந்த மலையில் என் பிழைப்பே இதுதான் என்று தோன்றியது. இறக்கவும் முடியாது, பிடிக்கவும் முடியாது.

நான் கையை விரித்தேன். கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே விரித்தேன்.

அக்காவின் சத்தம் சட்டென்று நின்றது. கூப்பிய கை கூப்பியபடி அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை, தெரிந்த ஒன்றை உறுதி செய்துகொள்கிற பார்வை. பிறகு அவரும் விரித்தார், அண்ணன் விரித்தார், சார் விரித்தார். இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. "அம்மனுக்கே சைரன் ஊதிட்டாங்க லா" என்று முன்வரிசையில் யாரோ சொல்ல, பெரிய சிரிப்பு எழுந்தது.

வயர் சுருட்டும்போது சொன்னேன். "எனக்கு மாற்றல் கெடச்சிருச்சு."

அண்ணன் சுருட்டுவதை நிறுத்தவில்லை. அக்காதான் பேசினார். "தெரியும் டீச்சர். இந்தத் தோட்டத்துல தும்மினா பிரிஞ்சாங்ல மருந்து வாங்கி வெச்சிருப்பாங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தோம்."

"நீங்க கவலப்படாம போங்க டீச்சர்," என்றார் சார். "போன வாரமே மூணு பேருக்கு மாத்தி வெச்சிட்டேன். அரை மணி நேர வேலதான்."

அரை மணி நேரம்! நான் தூக்கம் கெட்டுச் சுமந்ததை மனிதர் அரை மணி நேரத்தில் கழற்றி வைத்துவிட்டார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அழுகைதான் வந்தது, கூடவே ஆத்திரம். கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று இத்தனை நாள் திமிறினேன். கயிற்றின் மறுமுனையை யாருமே பிடித்திருக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை, கேட்க மட்டும் போனேன். பெட்டிகள் கட்டியாகிவிட்டன. மூவரும் முக்கோணமாக நின்றார்கள். நான் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். அக்காவின் சத்தம் இப்போது சார் கையில். அந்த லோரி உறுமல் மெல்ல எழுந்தது. பிறகு அண்ணன் பக்கம் கவனமாக இருந்ததில் சார் கைகள் விலக, உறுமல் தேய ஆரம்பித்தது. மடியில் கிடந்த என் வெறுங்கைகள் எழுந்து நெருங்கின. சத்தம் மேலும் தேய்ந்தது. உள்ளங்கைகள் ஒட்டும்வரை நெருக்கினேன். கொஞ்சம் கழித்துச் சார் கவனித்து அதைத் தூக்கிவிட்டார். நன்றாகவே தூக்கினார்.

மூவரும் முடித்துக் கைகளை விரித்த பிறகும், பெஞ்சில் நான் கும்பிட்டபடியே உட்கார்ந்திருந்தேன்.