கியாரண்டி என்று ஒரு செல்லப்பேர்

எனக்கு மூன்று பேர்கள் இருந்தன. வீட்டில் வைத்த பேர் ரேஷன் கார்டில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் விழுந்த பேர் டூப்ளிகேட். மூன்றாவது, மலைக்கோயில் அடிவாரத்து டீக்கடையில் கிடைத்தது. எனக்குப் பிடித்ததும் அதுதான், சீக்கிரம் போனதும் அதுதான். அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட இப்போது யாருமில்லை.

ஓசூரில் அத்தா வைத்திருந்தது ஒரு சின்ன ஸ்பேர் பார்ட்ஸ் கடை. நான்கு பேர் உள்ளே நின்றால் ஐந்தாவது ஆள் ரோட்டில்தான் நிற்க வேண்டும். கூரையிலிருந்து கிளட்ச் கேபிள்களும் டியூப்களும் தொங்கும். வருகிறவர்களில் ஒருவர் தமிழ் பேசுவார், அடுத்தவர் கன்னடம் பேசுவார், அவருக்குப் பின்னால் நிற்பவர் தெலுங்கில் அவசரப்படுத்துவார். அத்தா எல்லா மொழியிலும் பேரம் பேசுவார், எல்லா மொழியிலும் ஒரே விலையில் வந்து நிற்பார். அதனால் அவருக்கு நல்ல பேர் இருந்தது.

அந்தப் பேர் ஒரு அட்டைப் பெட்டியால் போயிற்று. பெங்களூரிலிருந்து பிரேக் ஷூ சரக்கு வந்தது. பெட்டியின் மேல் வெள்ளியாய் மின்னும் ஸ்டிக்கர், கம்பெனி முத்திரை எல்லாம் அச்சு அசலாக இருந்தன. அத்தா பெட்டியை நம்பினார், ஊர் அத்தாவை நம்பியது. உத்தனப்பள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் பால் கொண்டுவருகிற பால்காரர் அதில் ஒரு ஜோடி வாங்கி மாட்டினார். சில நாளிலேயே ஒரு இறக்கத்தில் பிரேக் ஷூவின் லைனிங் பெயர்ந்து வந்துவிட்டது. பால் ரோட்டில் ஓடியது. பால்காரருக்கு வலது கை முறிந்தது.

அத்தா ஆஸ்பத்திரிக்கு ஓடினார், திரும்பி வந்து மிச்சமிருந்த பெட்டிகளையெல்லாம் கடை வாசலில் போட்டுச் சுத்தியலால் உடைத்தார். ஊர் வேடிக்கை பார்த்தது. தெரிந்தேதான் விற்றிருக்கிறான், மாட்டிக்கொண்டதும் உடைக்கிறான் என்று ஒரு பேச்சு. உடைக்காமல் இருந்திருந்தால் இன்னும் விற்கப் பார்க்கிறான் என்று பேசியிருப்பார்கள். அன்றிலிருந்து எங்கள் கடைக்கு டூப்ளிகேட் பாய் கடை என்று பேர். என் வகுப்பில் அதைச் சுருக்கி எனக்கு வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கடைக்கு வந்தவர்கள் வாங்க வந்தவர்கள் இல்லை. எடுத்துப் பார்ப்பார்கள், நகத்தால் சுரண்டுவார்கள், ஒருவர் முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு, வண்டி இன்னும் கொஞ்ச நாள் ஓடும் பாயி என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போவார்கள். நோன்புப் பெருநாளுக்குள் கடை நிமிரவில்லையென்றால் ஷட்டரை இறக்கிவிட்டு ஏதாவது ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக நிற்க வேண்டியதுதான் என்று அத்தா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. வாட்ச்மேனுக்குத் தொப்பியும் விசிலும் கொடுப்பார்கள்.

அத்தா வேறு கம்பெனியில் புதுச் சரக்கு எடுத்தார். முதல் ஜோடியைத் தன் ஸ்கூட்டரிலேயே மாட்டினார். எங்களுடையதும் பால்காரருடையதும் ஒரே மாதிரிப் பழைய கியர் ஸ்கூட்டர்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மலைக்கோயில் அடிவாரத்து டீக்கடையில் ஆட்டோக்காரர்கள், மெக்கானிக்குகள், பால்காரர் எல்லோரும் கூடுவார்கள். அத்தா அங்கே போய், மலை ரோட்டில் ஏறி இறங்கிக் காட்டுகிறேன், பிரேக்கை நீங்களே பாருங்கள் என்றார். டீக்கடைக்காரர் ரோட்டின் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். இஞ்சினை அணைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், முன்பிரேக்கைத் தொடக் கூடாது, கோட்டில் நிற்க வேண்டும். இதெல்லாம் பால்காரர் சொன்ன கண்டிஷன்கள்.

அத்தா கோட்டில் நிறுத்திக் காட்டினார். கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த பால்காரர் அசையவில்லை.

"ஒண்டியா வந்து நின்னுட்டா ஆச்சா பாயி? யாவாரம் படுத்துப்போன மனுசன் உசிர மயிரா மதிப்பான். இதுல என்னா கியாரண்டி?" என்றாராம்.

அன்று அத்தா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு காலையில் என்னைப் பார்த்து, "வர்றியா கண்ணு, மலைக்குப் போய்ட்டு வரலாம்" என்றார்.

அத்தா என்னை எங்கேயும் கூட்டிப்போனவர் இல்லை. கடை, கடை விட்டால் பெங்களூர் பஸ் என்று இருந்தவர். பெட்டி உடைந்தது போதாதென்று அவர் மனசும் உடைந்து, அதற்குள்ளிருந்து எனக்காக இவ்வளவு பிரியம் கொட்டுகிறது என்றுதான் நினைத்தேன். பெருநாள் கவுனை எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஸ்கூட்டரின் முன்பக்கம் நின்றுகொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

மேலே போனதும் அத்தா வண்டியைத் திருப்புவார். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து இஞ்சினை அணைப்பார். கிளட்ச், கியர் வேலையில்லாமல் போன இடதுகையை என் வயிற்றைச் சுற்றிப் போட்டு அணைத்துக்கொள்வார். பிறகு இறக்கம். ஓசூர் மொத்தமும் கீழே சீட்டுக்கட்டு மாதிரிக் கலைந்து கிடக்கும். காதில் காற்று மட்டும் கேட்கும். என் வயிற்றின் மேல் அத்தாவின் உள்ளங்கை குறுகுறுவென்று அதிர்ந்துகொண்டே வரும். வண்டி அதிருகிறது என்று எனக்குச் சிரிப்பாக வரும். நான் கூச்சத்தில் நெளிந்து சிரிக்கச் சிரிக்க அந்தக் கை இன்னும் இறுகும். அந்த இறுக்கத்துக்காகவே இன்னும் கொஞ்சம் சிரிப்பேன்.

கோட்டில் வண்டி நிற்கும். நான் குதித்து இறங்குவேன். "கியாரண்டி வந்துடுச்சு பாருங்கப்பா" என்பார் டீக்கடைக்காரர். ஆட்டோக்காரர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். கியாரண்டிக்கு ஒரு தில்பசந்த் என்று, தேங்காயும் செர்ரியும் வைத்த அந்த இனிப்பு ரொட்டியில் ஒரு முக்கோணத் துண்டு என் கைக்கு வரும். பால்காரர் மட்டும் என் பக்கம் திரும்பாமல் டீயைக் குடித்துக்கொண்டிருப்பார். எனக்கு அவரைப் பற்றி என்ன கவலை? செல்லம், தங்கம், பட்டு மாதிரி கியாரண்டியும் ஒரு செல்லப்பேர் என்று நினைத்திருந்தேன். டூப்ளிகேட்டை விட எவ்வளவோ நன்றாக இருந்தது.

இப்படிச் சில ஞாயிறுகள் போயின. ஒருநாள் அம்மா எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தபோது பெருமை தாங்காமல் சொல்லிவிட்டேன். "அம்மா, டீக்கடைல எல்லாரும் என்னைய கியாரண்டின்னுதான் கூப்புடுறாங்க."

அம்மாவின் விரல்கள் பின்னலில் நின்றன. எதற்காக, எங்கே, எப்படி இறங்குகிறோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நானும் ஆசை ஆசையாகச் சொன்னேன். அன்று பின்னிய சடை தலைவலி வருகிற அளவுக்கு இறுக்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அத்தா கிக்கரில் காலை வைத்தபோது அம்மா நல்ல புடவை கட்டி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்க?" என்றார் அத்தா.

"ஒரு கியாரண்டி பத்தலையாமே. நானும் வர்றேன். எடுங்க வண்டிய."

அத்தா கிக்கரில் வைத்த காலை எடுக்கவுமில்லை, உதைக்கவுமில்லை. அம்மா இறங்குவதாக இல்லை. கடைசியில் வண்டி கிளம்பியது.

எங்கள் குடும்பம் மூன்று பேருமாக ஒரு வண்டியில் போனது அன்று ஒருநாள்தான். தம்பி அப்போது பிறக்கவில்லை. இறக்கத்தில் அம்மாவின் கையும் அத்தாவைச் சுற்றி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டது. அவள் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தது. பாட்டுப் பாடுகிறாள் என்று நினைத்து நானும் என் பங்குக்குப் பாடினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை. பிறகும் இருந்தேனா என்று யோசிக்கத்தான் வேண்டும்.

பாரம் கூடியிருந்ததால் வண்டி வழக்கத்தை விட வேகமாக இறங்கியது. முன்சக்கரம் சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டு நின்றது. யாரும் கியாரண்டி என்று கூப்பிடவில்லை. அம்மாவைப் பார்த்ததும் பால்காரர் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"சாக்கு பாயி, சாக்கு" என்றார் கன்னடத்தில், போதும் என்று. "அக்காவ வேற எதுக்கு ஏத்திக்கினு வந்த?"

அம்மா இறங்கி அவர் முன்னால் போனாள். சண்டை போடப்போகிறாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். "கை எப்பிடி இருக்குங்க?" என்று கேட்டாள்.

பால்காரர் கையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ராவுல வலிக்குதுக்கா. மாட்டுக்குத் தண்ணி தூக்கத்தான் முடியல" என்றார். அத்தா தலையைத் தூக்கவே இல்லை.

மறுநாள் பால்காரர் கடைக்கு வந்து ஒரு ஜோடி பிரேக் ஷூ வாங்கினார். பக்கத்து மெக்கானிக்கிடம் கூடவே நின்று மாட்டிக்கொண்டு, கழற்றிய பழசை மறக்காமல் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டார். அவர் வாங்கியதைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் வந்தார்கள், பிறகு மற்றவர்கள். பெருநாளுக்குள் கடை நிமிர்ந்துவிட்டது. வாட்ச்மேன் தொப்பி எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

நல்ல பேர் திரும்பி வந்ததும் அத்தா மறுபடியும் கடைக்கே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமையும் திறந்தார். நான் கவுனைப் போட்டுக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். "இனிமே எதுக்குக் கண்ணு? அதான் நம்பிட்டாங்களே" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவார். யார் நம்பினால் எனக்கென்ன? கடைக்கு மறுபடியும் கெட்ட பேர் வர வேண்டும் என்று நான் ரொம்ப நாள் துஆ கேட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தா இப்போது இல்லை. கடையைத் தம்பி பார்க்கிறான். போன மாதம், கடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த ஸ்கூட்டரைச் சரிசெய்து வைத்திருந்தான். ஒரு சுற்றுப் போய்வருகிறேன் என்று சாவியைக் கேட்டேன். "எடுத்துக்கோக்கா. ஆனா அந்த வண்டிக்கு நான் கியாரண்டி தர மாட்டேன்" என்று சிரித்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

மலை ரோட்டில் மேலே போய் வண்டியைத் திருப்பினேன். நியூட்ரலுக்குத் தள்ளி இஞ்சினை அணைத்தேன். இடதுகையை, முன்னால் ஒருத்தி நிற்கிறாற்போல வைத்துக்கொண்டேன். வண்டி இறங்கியது, காதில் காற்று கேட்டது. வயிற்றில் அந்தக் குறுகுறுப்பு வரும் வரும் என்று, டீக்கடை இருந்த இடம் வரைக்கும் காத்திருந்தேன். இஞ்சின் அணைந்த வண்டி கொஞ்சம்கூட அதிரவில்லை.