பட்டன் போனில் என் மனைவி மெட்டு

புதிதாகப் படிக்கக் கற்ற ஜோரில் கடை போர்டுகளைச் சத்தமாகப் படிக்கிறேன் என்று கோபித்துக்கொண்டு, காலையிலிருந்து என் மனைவி என்னோடு பேசவில்லை.

பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோவில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். முகம் மட்டும் ரோட்டுப் பக்கம். பொழுது போகாமல் பட்டன் போனில் எண்களை அழுத்தி, அது எழுப்பும் பீப் சத்தத்தில் மெட்டுப் போட்டேன்.

அவள் பைக்குள் போன் அடித்தது.

எண்களைப் படிக்கத் தெரியாத காலத்தில் அவள் நம்பரை மெட்டாகத்தான் மனப்பாடம் செய்திருந்தேன். இப்போது போட்டதும் அதே மெட்டுதான்; பழகிய விரல் பச்சைப் பட்டனையும் அழுத்திவிட்டது.

எடுத்தாள். "இன்னாய்யா வேணும்?"

"சும்மாதாம்மே. எங்க கீறே?"

"உன் தலைமேல கீறேன். வையி போனை!"

இருவரும் வைக்கவில்லை. பூந்தமல்லி வரை போனிலேயே பேசிக்கொண்டு வந்தோம். கேட்டால், நேரில்தான் பேச மாட்டாளாம்.

இப்போது நான் எழுதிய இதை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டலாமா, வேண்டாமா? சொல்லுங்கள்.