எதிர்மேட்டு வெளிச்சம்

தலைச்சோலையில் கரண்ட் போனால் எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். லாசர் மட்டும் சட்டை மாற்றிக்கொள்வார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தன் சட்டை தெரியாது என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் மாற்றுவார், தலையில் மிச்சமிருக்கும் முடியைச் சீவுவார், பிறகு ஜன்னலில் ஒரு விளக்கை வைப்பார்.

ஐம்பத்தெட்டு வயது. காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும், ஸ்டோர் சாவியை வைத்திருப்பதும், எப்போதோ வரும் முதலாளிக்காகப் பங்களாவைத் துடைத்து வைக்கச் சொல்வதும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகம் இல்லை. முன்கோபி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பாதியில்தான் நுழைவார். பொய் சொல்ல மாட்டார், ஆனால் உண்மையையும் லேசில் சொல்லிவிட மாட்டார்.

எதிர்மேட்டில், தண்ணீர்த் தொட்டிக்கு இடது பக்கத்து வீடு சுகுணாவுடையது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். காக்கை பறந்தால் இரண்டு நிமிஷம். ஓடையில் இறங்கி ஏறினால் அரை மணி நேரம். கரண்ட் இருக்கும் நாளில் விடுதிகளும் பங்களாக்களும் போடும் வெளிச்சத்தில் அவள் வீட்டு பல்பு கரைந்துபோகும். கரண்ட் போனால் எல்லாம் அடங்கி, தொட்டிக்கு இடது பக்கம் ஒரு சின்னச் சுடர் மட்டும் தெரியும். லாசர் தன் விளக்கை வைப்பது அதைப் பார்த்துத்தான். ஒன்பது வருஷமாக, அவள் புருஷன் சுப்பிரமணி செத்ததிலிருந்து, இது நடக்கிறது. அந்த மனிதர் உயிரோடு இருந்தவரை லாசர் தன் ஜன்னலில் எதையும் வைத்ததில்லை. இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார்.

அந்தச் சுடர் தனக்கென்று வைக்கப்படுகிறதா, அல்லது இருட்டினால் எல்லோரும் வைக்கும் விளக்குதானா? அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது இது ஒன்றுதான். விளக்கைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் போகிறது. யாருக்கென்று அது சொல்வதில்லை.

கேட்டிருக்கலாம். பஸ்ஸில் பார்த்துக்கொள்வார்கள். "ஏனுங்க ரைட்டர், நல்லாருக்கீங்களா?" என்பாள். "இருக்கறனுங்க" என்பார். அதற்குள் அவள் இறங்கும் இடம் வந்துவிடும்.

முப்பத்தி மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் இதே எஸ்டேட்டுக்குக் காப்பிக் கொட்டை பொறுக்க வந்தாள். ஒரு சாயங்காலம் ஷெட்டில் கரண்ட் போயிற்று. மெழுகுவர்த்தி இல்லை. அவள் ஒரு கமலா ஆரஞ்சைக் குறுக்கே அரிந்து, சுளையை மட்டும் தோண்டி எடுத்து, நடுத்தண்டைத் திரி மாதிரி நிற்கவிட்டு, தோலுக்குள் எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தாள். கொஞ்சம் பொரிந்துவிட்டு எரிந்தது. அந்த மாதமே லாசர் பெண் கேட்டார். அவருடைய அம்மா, பெண் ஞானஸ்நானம் வாங்கினால்தான் என்றாள். அவளுடைய அப்பா, அந்தப் பேச்சே வேண்டாம் என்றார். இரண்டு பக்கமும் கத்தல்கூட இல்லை. மரியாதையாகவே முடித்துவிட்டார்கள்.

போன கார்த்திகையில் அடித்த புயலில் சில்வர் ஓக் மரங்கள் லைன் மேல் சாய்ந்து, கரண்ட் ஐந்து நாள் வரவில்லை. முதல் நாள் மெழுகுவர்த்தி இருந்தது. இரண்டாம் நாள் பழைய துண்டுகளைப் பால் டின்னில் உருக்கி, வேட்டி ஓரத்தைக் கிழித்துத் திரியாக்கினார். கடைத்தெருவில் அதற்குள் மெழுகுவர்த்தி தீர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் தேங்காய் எண்ணெய். மலைக் குளிரில் அது கிண்ணத்தில் உறைந்தே கிடந்ததால், நடுவில் ஒரு திரியை நட்டதும் மெழுகு போலவே நின்று எரிந்தது. நான்காம் நாள் அதிலேயே வழித்து எடுத்ததைக் கொண்டு ஒப்பேற்றினார்.

பக்கத்து வீட்டு ஜெயமேரி பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க ரைட்டர், தேங்காயெண்ணெயத் தலைக்கு வெக்காம ஜன்னலுக்கா வெக்கறீங்க?"

"தலையில வெக்கறதுக்கு என்னக்கா இருக்குது?"

"அதுஞ்செரிதான். உள்ள உக்காந்துட்டு வெளிச்சத்த வெளிய வெக்கற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்."

ஐந்தாம் நாள் வீட்டில் எண்ணெய் இல்லை. பத்து நிமிஷம் எதிர்மேட்டுச் சுடரைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். பிறகு ஸ்டோர் ஞாபகம் வந்தது. பங்களாவின் சிவப்புத் தரைக்குப் போடும் பாலீஷ், பெரிய டின் ஒன்று, பாதி இருந்தது. கட்டியாக, வழவழப்பாக, தொட்டால் மெழுகேதான். மெழுகு எரியும் என்று கணக்குப் போட்டு, அதைத் தூக்கிவந்து ஜன்னலில் வைத்துத் திரியைக் குத்தினார். கொஞ்ச நேரம் அது நல்லபடியாகத்தான் எரிந்தது. பிறகு டின் முழுக்கத் தீப்பிடித்து ஒரு முழ உயரம் எழும்பியது. திரைச்சீலை பற்றிக்கொண்டது. பதறிப்போய் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்ற, தீ வெடித்து முகத்துக்கே வந்தது. கடைசியில் திரையைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதித்து, டின் மேல் அண்டாவைக் கவிழ்த்தார். அடங்கியது. வீடெல்லாம் கரும்புகை.

கதவைத் திறந்துவைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தபோது, கீழே ஓடைத் தடத்திலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் தாறுமாறாக ஏறி வந்தது.

"ரைட்டரே! ரைட்டரே! இருக்கறீங்களா?"

சுகுணா. முழங்கால்வரை சேறு. தோளில் நனைத்த கோணிச் சாக்கு.

"இருக்கறனுங்க."

அவள் டார்ச்சை அவர் முகத்துக்கு நேராக அடித்தாள். "புருவம் எங்கீங்க?"

"எரிஞ்சுபோச்சுங்க."

"என்னத்தப் பத்த வெச்சீங்க?"

"பங்களாத் தரை பாலீஷுங்க. மெழுகுன்னு நெனச்சுட்டேன்."

"அதுல பெயிண்டுக்குக் கலக்கற எண்ணெ கலந்திருக்குமுங்க. முப்பது வருசமா ஸ்டோர் சாவி இடுப்புல தொங்குது. மோந்துகூடப் பாக்கலீங்களா?"

அவள் சாக்கைப் போட்டுவிட்டுப் படியின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் லாசருக்கு உறைத்தது. தீ எழும்பி இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. தீ எழும்பிய அந்த நொடியே கிளம்பி, வழியெல்லாம் ஓடியிருந்தால்தான் இவள் இப்போது இங்கே உட்கார்ந்திருக்க முடியும்.

"தீயப் பாத்தவொடனே வந்தீங்களா?"

"தீ அப்பறந்தானுங்களே. அதுக்கு முன்னாலயே பாத்துட்டுத்தான் இருந்தேன். இந்த நாலு நாளும் ஏழு மணிக்கு வெச்சீங்க, இன்னிக்கு அரை மணி லேட்டு." பஸ் பிந்தியதைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "நேத்து வெளிச்சம் அழுது வடிஞ்சுது. எண்ணெ தீந்துபோச்சோன்னு இருந்துச்சு. எங்க ஊட்டுல ரெண்டு மெழுவத்தி கெடந்துது, குடுத்தனுப்பலாமான்னுகூட நெனச்சேன்."

"அனுப்பியிருக்கலாமுங்களே."

"என்னன்னு சொல்லி அனுப்பறது?"

லாசர் புருவம் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார்.

அவள் டார்ச்சை அணைத்தாள். "எம் பையன் பிரவீன் சேலத்துல ஊடு பாத்துட்டானுங்க. பொங்கல் முடிஞ்சதும் என்னையும் வரச் சொல்றான். மருமவளுக்கு ஏழாம் மாசம்."

"இங்க இருக்கற ஊடு?"

"டூரிஸ்டுக்கு உடறானாம். பெயிண்ட் அடிச்சு, இன்வெர்ட்டரெல்லாம் போட்டு."

"போறீங்களா?"

"பையன் கூப்புடறான். போவாம என்ன பண்றது?"

அவள் குரலில் அழுகையோ கோபமோ இல்லை. அவள் எழுந்து சாக்கைப் பிழிந்தாள். லாசரும் எழுந்தார். முப்பத்தி மூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்ட அளவுக்குக்கூட இப்போது கேட்க முடியவில்லை.

"போயிச் சேந்ததும் ஒரு விளக்கு வெய்யுங்க" என்றார்.

"சேலத்துல வெச்சா இங்க தெரியுமுங்களா?"

"இன்னிக்குச் சொன்னனுங்க. உங்க ஊட்டுக்குப் போனதும்."

அவள் சிரித்தாள். "அதத்தான் ஒம்பது வருசமா வெக்கறனே."

டார்ச் வெளிச்சம் தடத்தில் இறங்கியது. ஓடைக்கிட்டே ஒரு நிமிஷம் நின்றது. பிறகு எதிர்மேட்டில் ஏறத் தொடங்கியது. லாசர் முற்றத்திலேயே நின்று பார்த்தார். அது பாதி மேடு ஏறியிருக்கும், கரண்ட் வந்துவிட்டது.

ஊரே ஓவென்று கத்தியது. ஜெயமேரி வீட்டு டிவி அலறியது. விடுதிகள், தெருவிளக்குகள், பங்களா வாசல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்ததில் டார்ச் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. லாசர் கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தேடினார். தொட்டிக்கு இடது பக்கம் அவள் வீட்டு ஜன்னல் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் போனபோது போட்டபடியே விட்ட பல்பாக இருக்கும். அவள் இன்னும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டாள்.

காத்திருந்தார். ஜன்னல் பல்பு அணைந்தது. வாசல் பல்பும் அணைந்தது. அத்தனை வெளிச்சத்துக்கு நடுவில் அந்த வீடு மட்டும் ஒரு கறுப்புச் சதுரமாக நின்றது. அதற்குள் ஒரு சுடர் தெரிந்தது.

பதிலுக்கு வைக்க வீட்டில் எரியும் பொருள் எதுவும் இல்லை. லாசர் உள்ளே போய் மெயின் சுவிட்சை இறக்கினார். கருகிய ஜன்னலுக்கு வந்து, இருட்டில் நின்றார்.

"ஏனுங்க ரைட்டர்!" ஜெயமேரி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். "எல்லாருக்கும் வந்துருச்சு. உங்க ஊட்டுக்கு மட்டும் வல்லீங்களா? ஃபீஸு போயிருச்சா?"

"ஆமாங்கக்கா."

"வயர்மேன் கருப்பண்ணனக் கூப்புடட்டுமா? ஒரு நிமிசத்துல போட்டுக் குடுத்துருவான்."

"வேண்டாமுங்க" என்றார் லாசர், எதிர்மேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "காலையில பாத்துக்கலாம்."